ஐம்பத்தெட்டு கிலோவில் என் பங்கு

அக்டோபர் 6, திங்கள்

இன்று முதல் இந்த நோட்டில் ஒரு மாவீரனின் சரித்திரம் எழுதப்படும். மாவீரன் பெயர் பட்டாபிராமன். வயது அறுபத்தொன்று. ஊர் நங்கநல்லூர். முப்பத்துநான்கு வருஷம் பம்புசெட் விற்று ஓய்வு பெற்றவன். அவன் விற்ற பம்புசெட்டுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் வங்காள விரிகுடா வற்றி, அந்தமானுக்கு ஆட்டோவில் போகலாம்.

சரித்திரம் தொடங்கிய இடம் எங்கள் சமையலறை. காலையில் பங்கஜம் அக்கா போன் செய்தாள். என் மனைவி கோமளாவின் இரண்டு கையிலும் தோசை மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வீட்டுக்காரன் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததை இரண்டு பெண்மணிகளும் மறந்துவிட்டார்கள்.

பிப்ரவரி எட்டாம் தேதி அக்காவின் இளைய பெண் யமுனாவுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பங்களில் தாலி கட்டுவதற்கு முன் மாலை மாற்றல் உண்டு. பெண்ணைப் பெண்ணின் மாமாவும், மாப்பிள்ளையை மாப்பிள்ளையின் மாமாவும் தூக்கிக்கொள்வார்கள். அந்தரத்தில் இருந்தபடி மாலையை மாற்றிக்கொள்ள வேண்டும். யமுனாவின் மாமா நான். சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல இதில் ஆலோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.

"கோமளா, நீயே அவன்கிட்ட பக்குவமா சொல்லிடு. இந்தத் தடவை கோகுல் தூக்கட்டும். ஹேமாவுக்கு ஆனது போறும்" என்றாள் அக்கா.

கோகுல் எங்கள் சித்தி பையன். பெங்களூர். முப்பத்தெட்டு வயது. அவனும் முறைக்கு மாமாதான். அவனுடைய புஜத்தைச் சுற்றி வர ஒரு நாள் ஆகும்.

ஹேமா, யமுனாவின் அக்கா. ஏழு வருஷம் முன்பு அவள் கல்யாணத்தில் நான் தூக்கியபோது ஒரு சின்னச் சறுக்கல். தரையெல்லாம் பன்னீர் ஈரம். அவ்வளவுதான்.

கோமளா இன்னும் பக்குவமாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் நூற்றிருபத்தைந்து நாள் இருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். பழைய வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கும் மேஸ்திரி மாதிரி முதுகைத் தட்டிப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். இடிக்க வேண்டிய கட்டடம் இல்லை, உபயோகிக்காமல் பூட்டி வைத்த கட்டடம் என்பது அவர் தீர்ப்பு. எடை தூக்கலாம், ஆனால் கொஞ்சமாக ஆரம்பித்து, தெரிந்தவர் கண் முன்னால் தூக்க வேண்டும் என்றார். கோமளாவிடம் கொழுப்பு டெஸ்டுக்குப் போனதாகச் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

மார்க்கெட் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஜிம். நடத்துபவள் ஜெசிந்தா. முப்பத்தாறு வயது, மாநில அளவில் பளு தூக்கியவள். அவள் கை குலுக்கியதும் என் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன், ஐந்தும் இருந்தன.

என் லட்சியத்தை விவரித்தேன். நூற்றிருபத்துச் சொச்சம் நாளில் ஒரு மனுஷியைத் தூக்க வேண்டும், முடிந்தால் ஒற்றைக் கையில். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய் ஓர் ஆயுதம் கொண்டுவந்தாள். ஒட்டடைக் குச்சி.

குச்சியை முதுகில் நீளவாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்தலை, முதுகு, இடுப்புக்குக் கீழே, மூன்று இடத்திலும் அது தொட்டுக்கொண்டே இருக்க, புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். கையில் சாமான் இருக்கும்போது கார் கதவைப் பின்புறத்தால் சாத்துகிற மாதிரி. கேட்க எளிது. நான் குனிந்தேன், குச்சி விழுந்தது. முப்பது தடவை குனிந்தேன். அருகில் மலை போன்ற இளைஞர்கள் இரும்பைத் தூக்கிக்கொண்டிருக்க, பட்டாபிராமன் ஒட்டடைக் குச்சியோடு மல்யுத்தம் செய்தான். குச்சி வென்றது.

வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும். நடுவில் ஓய்வு. தினமும் வருகிறேன் என்றேன். "சதை ஜிம்முல வளராது சார், தூங்கும்போதுதான் வளரும்" என்றாள். அப்படியென்றால் ஆபீஸ் மீட்டிங்குகளில் மட்டும் எனக்கு அறுபது கிலோ சதை வளர்ந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

கழிப்பறையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மூவேந்தர் படையும் தேவைப்பட்டது.

அக்டோபர் 27, திங்கள்

ஆறு கிலோ இரும்பு கொடுத்தார்கள். பித்தளைச் சொம்புக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கிறது. மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். பத்து தடவை, மூன்று முறை. நடுவில் இரண்டு நிமிஷம் மூச்சு வாங்க அனுமதி.

இதைவிடச் சிரமம், இறக்குவது. ஏழாவது தடவை முடிந்ததும் நான் 'தொம்'மென்று கீழே போட்டேன். ஜெசிந்தா அந்தக் கோடியிலிருந்து வந்தாள்.

"எறக்கறதையும் தூக்கற மாதிரியே செய்யணும் சார். பாதி பலம் அதுலதான் இருக்கு."

வீட்டில் போன வாரமே கோமளாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துவைக்கப் போட்ட டவலில் இரும்பு வாசனையாம். எதற்கு என்று கேட்டாள். ஆரோக்கியத்துக்கு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அன்று மாலையில் ஒரு குண்டான் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்தாள். மறுநாள் பனீர், அதற்கு மறுநாள் பச்சைப்பயறு. நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவள் பக்குவமாக எதையும் சொல்லவில்லை.

ஹேமா கல்யாண விஷயம்: யோசித்துப் பார்த்தால் பன்னீர் ஈரம் இல்லை. வீடியோக்காரனின் ஒயர் காலில் மாட்டியது.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெசிந்தா கேட்டாள், தூக்க வேண்டிய எடை எவ்வளவு என்று. பயிற்சிக்கு அது தெரிய வேண்டுமாம். ஒரு பெண்ணிடம் எடை கேட்டு உயிரோடு திரும்பிய ஆண் எங்கள் வம்சத்தில் இல்லை. எனவே சூழ்ச்சி.

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி ஹாலில் வைத்தேன். யமுனா சாப்பிட வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்கு எங்கள் வீட்டில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இங்கே இருந்துதான் படித்தாள். அவள் அப்பாவுக்கு வருஷத்துக்கொரு ஊர் மாற்றல். அந்தப் பழக்கம். இன்று கட்டட எஞ்சினியர். தூண் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவது உத்தியோகம்.

மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு நடுநிலையான ஆள் வேண்டும் என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏறி நின்றாள். ஐம்பத்து நான்கு.

"புடவை, நகை, மாலை எல்லாம் சேர்த்து நாலு கிலோ போட்டுக்கோங்கோ மாமா" என்று சொல்லிவிட்டு ரசம் சாப்பிடப் போய்விட்டாள்.

சூழ்ச்சி மாபெரும் வெற்றி. அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

ஐம்பத்தெட்டு. முதன்முதலில் அவளை நான் ஆஸ்பத்திரியில் தூக்கியபோது இரண்டே முக்கால் கிலோ. அன்றிலிருந்து தினமும் தூக்கிக்கொண்டே வந்திருந்தால், நாளுக்குச் சில கிராம்தான் கூடியிருக்கும். இன்று எனக்கு ஜிம்மே வேண்டாம். நடுவில் ஏதோ ஒரு நாள் விட்டுவிட்டேன். எந்த நாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

வெறும் கம்பி. இரண்டு பக்கமும் ஒன்றும் மாட்டாத மொட்டைக் கம்பியே இருபது கிலோ. கால் பக்கத்தில் ஒட்டி வைத்து, மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி, முதுகு வளையாமல், தரையைக் காலால் தள்ளி எழுந்திருக்க வேண்டும். குச்சி சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்படியே வந்தது. எட்டு தடவை தூக்கினேன், எட்டு தடவை இறக்கினேன். பூமி சற்றே மேற்கே நகர்ந்ததைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

காஸ் சிலிண்டரை நகர்த்த கோமளா இன்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவில்லை. நானும் பெருமையாக எதையும் சொல்லவில்லை. மூன்று பேரிடம்தான் சொன்னேன்.

டிசம்பர் 4, வியாழன்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஜிம் இல்லை. ஹாலில் இரண்டு தண்ணீர் கேன்களோடு பயிற்சி. கோமளா கீழே சிந்திய தண்ணீரைத் துடைத்தபடி, வெளியே இருக்கிறது போதாதா என்றாள்.

டிசம்பர் 26, வெள்ளி

ஜெசிந்தா கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தனுப்பியிருந்தாள். முட்டை போட்டதா என்று கோமளா கேட்பதற்குள் அந்தக் கேள்வி காலாவதியாகிவிட்டது.

கம்பி நாற்பது கிலோ ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டரை கிலோவுக்கு மேல் ஏற்ற அவள் விடுவதில்லை. நான் கெஞ்சுவேன், பேரம் பேசுவேன். முப்பத்துநான்கு வருஷ விற்பனை அனுபவம் அவளிடம் செல்லுபடியாகவில்லை.

ஹேமா கல்யாணம்: ஒயரும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. என் அங்கவஸ்திரம் காலில் சுற்றிக்கொண்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அக்கா குடும்பம் எங்கள் வீட்டில். கோகுலும் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். நல்ல பையன், அதுதான் அவனிடம் உள்ள கஷ்டம். அவன் ஜிம்மில் நூறு கிலோ தூக்குவானாம், அக்கா வீட்டுக்காரர் சொன்னார். எல்லோரும் அவன் புஜத்தைப் பார்த்தார்கள். யமுனா மட்டும் என்னைப் பார்த்தாள்.

அப்போது பார்த்துக் கடைக்காரர் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

நான் நாற்பத்தைந்து தூக்குகிறவன். இருபத்தாறு எனக்குக் கறிவேப்பிலை. இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வயிற்றில் இருக்க, உடம்பைச் சூடு பண்ணாமல், குச்சியை நினைக்காமல், இடுப்பிலிருந்து குனிந்து, ஒரே வீச்சில் தோளுக்குத் திருப்பினேன்.

முதுகில் 'டிக்'கென்று ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டது.

மூட்டையை சோபாவுக்குப் பின்னால் இறக்கி, அங்கேதான் அதை வைக்க உத்தேசித்திருந்தேன் என்று அறிவித்தேன். பிறகு டிவியில் பட்டிமன்றம் முழுவதும் பார்த்தேன். அதில் ஆர்வம் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

முதுகு.

ஜனவரி 17, சனி

பயப்பட ஒன்றுமில்லை, சதைப் பிடிப்புதான் என்று டாக்டர் சொன்னார். மெதுவாக நடக்கச் சொன்னார். கோமளா தைலம் தேய்த்துவிட்டாள். பக்குவமாக இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 18, ஞாயிறு

பன்னீரும் இல்லை, ஒயரும் இல்லை, அங்கவஸ்திரமும் இல்லை.

ஹேமாவைத் தூக்கியபோது மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் பிள்ளையைத் தோளுக்கு மேல் உயர்த்திவிட்டார்கள். எல்லோரும் கத்தினார்கள், இன்னும் ஒசத்துங்கோ மாமா, இன்னும் ஒசத்துங்கோ என்று. நான் உயர்த்தினேன். என்னால் முடியாது என்று உடம்பு சொன்னது, கேட்கவில்லை. முதுகு விட்டுப்போய் அவளைப் போட்டுவிட்டேன். மாலை அறுந்தது. அவள் இடுப்பில் அடி. சிரித்துக்கொண்டே எழுந்தாள், நல்ல பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் காபி பார்த்துவிட்டு வருகிறேன் என்று சமையல்கட்டுக்குப் பின்னால் போய், கவிழ்த்து வைத்த அண்டாவில் உட்கார்ந்துவிட்டேன். மேளம் கெட்டியாகக் கேட்டது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை.

யமுனாவும் பார்க்கவில்லை. பத்தொன்பது வயது அவளுக்கு அப்போது. என்னைத் தேடிக்கொண்டு வந்து இன்னொரு அண்டாவில் உட்கார்ந்தாள். மேளம் நின்ற பிறகு, "வாங்கோ மாமா, பாயசம் ஆறிடும்" என்றாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டிடமும் இது நாலாவது முயற்சி.

ஜனவரி 22, வியாழன்

ஜிம்முக்குப் போய் உண்மையைச் சொன்னேன், பொங்கல் விஷயம், ஏழு வருஷத்து விஷயம், இரண்டையும். ஜெசிந்தா திட்டவில்லை. உள்ளே போனாள். ஒட்டடைக் குச்சியோடு வந்தாள்.

குச்சி விழவில்லை. அதைப் பார்த்து அவளுக்கே சந்தோஷம். உடம்பு மறக்கவில்லை, உங்கள் வாய்தான் மறந்தது என்றாள். மீதியுள்ள பதினேழு நாளில் வலியில்லாத எடை வரை திரும்ப வரலாம். ஆனால் பட்டுப்புடவையில் வழுக்குகிற, அசைகிற, உயிருள்ள ஐம்பத்தெட்டு கிலோவைத் தனியாகத் தூக்க அவள் அனுமதிக்க மாட்டாள்.

"ரெண்டு பேரா தூக்குங்க சார். கையோட கை கோத்து நாற்காலி மாதிரி. அவங்க உக்காந்துக்குவாங்க. தோளுக்கு மேல வேணாம், நெஞ்சு உயரம் வரைக்கும் போதும்."

இன்னொரு ஆள் யார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும்.

ஜனவரி 25, ஞாயிறு

போனை நாலு தடவை எடுத்து வைத்தேன். இரண்டு தடவை துடைத்தேன். ஐந்தாவது தடவை கோகுலுக்கு அடித்தேன்.

எழுதி வைத்திருந்த பேச்சு பிரமாதமானது. அதில் சேர சோழ பாண்டியர் வந்தார்கள். வாயில் வந்தது வேறு. கோகுல், என்னால் பாதிதான் முடியும், மீதியை நீ பிடிச்சுக்கறியா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நானே கேக்கணும்னு இருந்தேன் அண்ணா. பட்டாபி மாமா தூக்கலேன்னா நடந்து போயே மாலை போட்டுக்கறேன்னு யமுனா அக்டோபர்லயே சொல்லிட்டா. அத்திம்பேர் கத்தினார், பங்கஜம் அக்கா அழுதா, அவ அசையல."

அக்டோபரில். மெஷினில் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பு. நாலு கிலோ சேர்த்துக்கொள்ளச் சொன்னது நினைவுக்கு வந்தது. என் சூழ்ச்சிகளின் தரத்தைப் பற்றி இனிமேல் இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை.

கோமளாவிடம் கேட்டேன், உனக்கும் தெரியுமா என்று. பின்னே சுண்டல் எதுக்குன்னு நெனைச்சேள் என்றாள்.

பிப்ரவரி 5, வியாழன்

கோகுல் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான். காலையில் இரண்டு பேரும் ஜிம்முக்குப் போய், ஜெசிந்தா எதிரில் மணல் பையை வைத்து இருபது தடவை தூக்கி இறக்கினோம். அவள் சொன்ன முதல் திருத்தம் கோகுலுக்கு. நூறு கிலோக்காரன் முதுகை வளைக்கிறான். நான் அடக்கமாக இருந்தேன். அரை மணி நேரம்.

மாலையில் ஹாலில் ஒத்திகை. ஃபேனை நிறுத்தினோம். மணப்பெண்ணாக நடிக்க கோமளா. அறுபத்தோரு கிலோ, மெஷினில் தானே ஏறிச் சொன்னாள். கை கோத்தோம், அவள் உட்கார்ந்தாள், என் தோளில் ஒரு கை, கோகுல் தோளில் ஒரு கை. மூச்சை இழுத்தோம், காலால் தரையைத் தள்ளினோம். எழுந்துவிட்டாள்.

முப்பத்தாறு வருஷத்தில் நான் அவளைத் தூக்கியதில்லை. அவள் அலமாரி மேல்தட்டைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். யமுனாவின் பழைய ஸ்கூல் பை அங்கே இருக்கிறது, நான் அதைத் தூக்கி எறிந்ததாகச் சொல்லியிருந்தேன்.

"எறக்கிடாதேங்கோ, ஒரு நிமிஷம்" என்றாள்.

பிப்ரவரி 7, சனி

மண்டபம். மாப்பிள்ளை வீட்டு மாமா ஆறடி. என்னைப் பார்த்து நமஸ்காரம் செய்தார். இருக்கட்டும், இமயமலைகூட மரியாதையான மலைதான்.

நன்றாகச் சாப்பிட்டேன். சீக்கிரம் தூங்கப்போகிறேன். சதை வளரட்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மண்டபத்தின் பின்பக்கம் கோகுலும் நானும் பத்து நிமிஷம் குனிந்து நிமிர்ந்து உடம்பைச் சூடு பண்ணினோம். சமையல்காரர்கள் எங்களைக் கோவில் யானைகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். அது நிரபராதிதான், இருந்தாலும்.

யமுனா வந்தாள். மாம்பழ மஞ்சளில் புடவை, கழுத்தில் மாலை. எங்கள் கைகளைப் பார்த்தாள், கோத்திருந்த விதத்தைக் கணக்குப் பார்த்தாள், எஞ்சினியர். திருப்தியாக உட்கார்ந்தாள். மூச்சு, வயிறு, கால். எழுந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் வழக்கப்படி பிள்ளையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனார்கள். கூட்டம் கத்த ஆரம்பித்தது, இன்னும் ஒசத்துங்கோ மாமா, இன்னும் ஒசத்துங்கோ. அதே வார்த்தைகள். முன்வரிசையில் ஹேமா, மடியில் குழந்தையோடு, கத்தாமல் இருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கோகுலின் கை ஏறத் துடித்ததை என் மணிக்கட்டு உணர்ந்தது. இவ்வளவுதான், இங்கேயே நில்லு என்றேன். நின்றான்.

நெஞ்சு உயரத்தில் அப்படியே நின்றோம். கத்தல் ஓய்ந்துகொண்டு வந்தது. யமுனா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன்தான் அவன் மாமாவிடம் ஏதோ சொன்னான். ஆறடி மாமா முட்டியை மடித்தார். மாப்பிள்ளை இறங்கி வந்து தலையைக் குனிந்து கொடுத்தான்.

மூன்று தடவை மாலை மாற்றினார்கள். மூன்று தடவையும் தாங்கினோம்.

பிறகு இறக்க வேண்டியிருந்தது. தூக்கியதைவிட அதில்தான் நேரம் எடுத்துக்கொண்டேன். முதுகு நேராக, முட்டியை மடித்து, கொஞ்சம் கொஞ்சமாக. அவள் பாதம் தரையைத் தொட்டது. என் தோளில் இருந்த கை மட்டும் இன்னும் ஒரு கணம் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

தாலி கட்டும்போது முதல் வரிசையில் நின்றேன். மூன்று முடிச்சையும் எண்ணினேன். மேளம் பக்கத்தில் கேட்டால் எவ்வளவு சத்தம் என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

திங்கட்கிழமை. ஜிம்முக்குப் போனேன். ஜெசிந்தா எதிர்பார்க்கவில்லை, கல்யாணம்தான் முடிந்துவிட்டதே என்றாள். ஹேமாவின் குழந்தை இப்போது ஒன்பது கிலோ, நாளுக்குச் சில கிராம் கூடிக்கொண்டே போகிறது, இந்தத் தடவை நடுவில் விடுவதாக இல்லை என்றேன்.

நேற்று எவ்வளவு தூக்கினீர்கள் என்று கேட்டாள். பக்கத்து மலைகளும் இரும்பைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தன.

மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோ. அதில் என் பங்கு இருபத்தொன்பது என்றேன்.

அதற்கு மேல் ஏதாவது அளப்பேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் குச்சியை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.